மேற்பிரிவு ஏன் கீழே இருக்கிறது?

கடந்த ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறைக்கு மாமாவின் மகள் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபோது, கையில் ஒரு நீளமான பிளாஸ்டிக் குழாயும் இருந்தது. அதற்குள் சுருட்டி வைத்த பெரிய தாள். அவர் மூன்றாம் வருடத்தில் ‘தகவற் காட்சிப்படுத்தலும் வடிவமைப்பும்’ என்றொரு பாடம் படித்தார். எண்களை வரைபாகவும் படமாகவும் ஆக்கி, பார்ப்பவருக்கு விளங்கச் செய்யும் பாடம். அதன் இறுதி ஒப்படைதான் அந்தத் தாள். எங்கள் கேகாலை மாவட்டத்தின் மண்சரிவு அபாயத்தைக் காட்டும் படம். ‘ஏ’ சித்தி கிடைத்திருந்தது.

வாப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கடை மேசையிலிருந்த மாவு, சீனிப் பொதிகளை ஒதுக்கிவிட்டுத் தாளை விரித்தார். சுருண்டு சுருண்டு எழும்பிய நான்கு மூலைகளிலும் இரண்டு படிக்கற்களையும் இரண்டு டின்பால் பேணிகளையும் வைத்தார். கடைக்கு வருகிற ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் காட்டினார். எங்கள் கடை, யட்டியாந்தோட்டைப் பக்கத்தில், தோட்டத்துக்கு ஏறும் பாதை தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. ஆகவே வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் தோட்டத்து மக்கள்.

அன்று மாலை மேற்பிரிவிலிருந்து ஓர் அக்கா மாவும் மண்ணெண்ணெயும் வாங்க வந்தார். காலையில் பால் வெட்டி, மத்தியானம் புல்லறுத்து, அதன்பிறகு இறங்கி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. வாப்பா அவரையும் விடவில்லை. அக்கா படத்தை வெகுநேரம் பார்த்தார். “இது நம்ம பக்கமா தங்கச்சி?” என்று ராத்தாவிடம் கேட்டார். ஆறு வளைகிற இடத்தை வைத்துக் கடைவீதியைத் தாமாகவே கண்டுபிடித்துவிட்டார். பிறகு விரலை மேல்நோக்கி நகர்த்தினார். தேடியது கிடைக்கவில்லை.

“மேப்பிரிவ எங்க போட்டிருக்கீங்க?”

ராத்தா தாளின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார்.

“மேப்பிரிவு எப்புடி தங்கச்சி கீழ இருக்கும்?”

சொல்லிவிட்டு அவர் டின்பால் பேணிகளை எடுத்து வைத்துத் தாளையே தலைகீழாகத் திருப்பினார். எழுத்துகள் எல்லாம் கவிழ்ந்தன. அதனால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை, அவை ஆங்கில எழுத்துகள். இப்போது மலை மேலே, ஆறு கீழே. அவர் விரல் நேராக லயம் இருக்கிற இடத்தில் போய் நின்றது. “இப்ப சரி” என்றார். அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்தார். பளிச்சென்ற மஞ்சள். “மஞ்சள்னா பயமில்ல. சிவப்புன்னாத்தானே எறங்கச் சொல்லுவாங்க” என்று சொல்லி, மண்ணெண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

ராத்தாவின் படத்தில் மஞ்சள்தான் மிகக் கூடிய அபாயம்.

இந்தக் கட்டுரை ராத்தாவைக் குறை சொல்வதற்கு அல்ல. அவர் அக்காவின் பின்னால் மழையில் ஓடிப்போய், பாதையில் மறித்து, விடயத்தை விளங்கப்படுத்திவிட்டுத்தான் வந்தார். இரவு சாப்பாட்டிலும் சரியாகக் கை வைக்கவில்லை. அவருக்குக் கற்பித்தவர்கள் திறமையற்றவர்கள் என்றும் நான் சொல்லவில்லை. அவர் சொல்லக் கேட்டால் அந்தப் பாடம் பொறாமைப்பட வைக்கும் பாடம். நீளம், பரப்பு, நிறம் ஆகியவற்றில் எதை மனிதக் கண் சரியாக அளக்கும், எதில் ஏமாறும் என்று பரிசோதித்துப் பார்க்கிறார்கள். சலாகை வரைபைப் பூச்சியத்திலிருந்து தொடங்காவிட்டால் சிறிய வித்தியாசம் பூதமாகத் தெரியும் என்பதைப் பத்திரிகைகளிலிருந்தே வெட்டி எடுத்துக் காட்டுகிறார்கள். ராத்தா பயன்படுத்திய நிறவரிசைக்கு விரிடிஸ் என்று பெயராம். கடும் ஊதாவில் தொடங்கி, நீலம், பச்சை வழியாக மஞ்சளில் முடியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத கண்ணுள்ளவர்களுக்கும் அது விளங்கும். கறுப்பு வெள்ளையில் நகல் எடுத்தாலும் வரிசை குலையாது. உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் நம்பிப் பாவிக்கிற நிறவரிசை. ராத்தா நன்றாக யோசித்துத்தான் அதைத் தேர்ந்திருக்கிறார்.

ஆனால் எங்கள் மலைகளில் மஞ்சளுக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மூன்று நிறங்களில் விடுக்கிறது. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள்: விழிப்பாக இருங்கள். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள்: வெளியேற ஆயத்தமாகுங்கள். 150ஐத் தாண்டினால் சிவப்பு: வெளியேறுங்கள். மழைக்காலம் வந்தால் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கேட்டுக் கேட்டு, எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்த வரிசை மனப்பாடம். விரிடிஸில் உச்சமாக இருக்கிற மஞ்சள் இங்கே முதற்படி. இரண்டும் தனித்தனியே சரிதான். ஒரே மலையில் இரண்டும் சந்தித்தால் ஆபத்து. இந்தச் சந்திப்பை விரிவுரை மண்டபத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது. கடை மேசையில் அக்கா ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்தார்.

என் கருத்து இவ்வளவுதான். தகவலைப் படமாக்கக் கற்பிக்கும் எந்தப் பல்கலைக்கழகப் பாடத்திலும், படம் யாருக்காக வரையப்பட்டதோ அவர் முன்னால் அதை விரித்துப் பார்க்காமல் புள்ளி போடக் கூடாது. விரிவுரையாளர் போடும் புள்ளியில் ஒரு பங்கு அந்த வாசகருடைய கையில் இருக்க வேண்டும்.

இதில் எங்கள் பாடசாலை வகுப்புக்கும் பங்கு உண்டு. நான் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். செய்முறைக் கொப்பியில் ஒரு படம் வரைந்தால் தலைப்பு, அளவுத்திட்டம், திசை, குறிவிளக்கம், சட்டகம் எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. ‘யாருக்கு’ என்ற கேள்விக்குப் புள்ளி இல்லை. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கைச் சனத்தொகையில் நகரப்புறம் 18.2 வீதம், கிராமப்புறம் 77.4 வீதம், தோட்டப்புறம் 4.4 வீதம். இதை வட்ட வரைபாக வரையும்போது தோட்டப்புறத்துக்கு வருவது ஏறத்தாழ 16 பாகை. கோணமானியை வைத்து அளந்தால் மெல்லிய கீற்று ஒன்று. ‘தோட்டம்’ என்ற சொல்லை அதற்குள் எழுத இடம் போதாது. வெளியே எழுதி ஒரு கோடு இழுத்துக் காட்ட வேண்டும். அந்தக் கோட்டை இழுத்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சுத்தமாக வரைந்தேன், முழுப் புள்ளி கிடைத்தது. அக்கா கடையை விட்டுப் போன பிறகுதான் அந்தக் கொப்பியை எடுத்து மறுபடி பார்த்தேன்.

நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தோட்டப்புறத்தவர்கள். மாவட்ட வாரியாகப் படம் வரைந்தாலும் அவர்கள் தெரிவார்கள். இரத்தினபுரியிலும் கேகாலையிலும் அப்படி இல்லை. இறப்பர்க் காட்டுக்குள், தேயிலைச் சரிவில், சிங்களக் கிராமங்களுக்கு இடையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக லயங்கள். மாவட்டச் சராசரி எடுத்தால் அவர்கள் கரைந்துபோவார்கள். அளவுத்திட்டமும் அவர்களுக்கு எதிராகத்தான் இருக்கிறது. பத்துக் காம்பரா உள்ள ஒரு லயத்தை எடுங்கள். காம்பராவுக்குப் பன்னிரண்டு அடி என்று வைத்தால் 120 அடி, கிட்டத்தட்ட 36 மீற்றர். 1:50,000 படத்தில் அது ஒரு மில்லிமீற்றர்கூட இல்லை, பென்சில் முனை பட்ட அடையாளம். 1:10,000 படத்தில் மூன்றரை மில்லிமீற்றர். பத்துக் குடும்பங்கள் அந்த மூன்றரை மில்லிமீற்றருக்குள் இருக்கின்றன. லயத்துக்கு மேலே உள்ள மண்ணணை, பக்கத்தில் அடைபட்ட கான், பின்னால் வெடித்த நிலம் எல்லாம் அதற்கும் சிறியவை.

2016 மே 17ஆம் திகதி எனக்குச் சிறு வயது. பாடசாலை விட்டதும், வீட்டில் மெழுகுவர்த்தி எரிந்ததும், வாப்பா ஒரு வார்த்தை பேசாமல் வானொலியைப் பிடித்துக்கொண்டு இருந்ததும்தான் ஞாபகம். அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தும் காணாமலும் போனார்கள். அதே நாள் புளத்கொஹுபிட்டிய, களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் விழுந்தது. அரநாயக்க உலகச் செய்தியானது. களுபஹனவை எங்கள் பக்கத்து ஆட்கள் தவிர வேறு யாரும் சொல்லிக் கேட்பது குறைவு. அடுத்த வருடம் மே மாதம் இரத்தினபுரிக்கு வெள்ளமும் மண்சரிவும் வந்தன. ஆகவே ஒரு மண்சரிவுப் படத்தை ஒருவர் பிழையாக வாசித்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

படத்தைத் தலைகீழாகத் திருப்பியதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று கடையில் நின்ற ஓரிருவர் சிரித்தார்கள். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பது வெறும் பழக்கம். 1154இல் சிசிலித் தீவின் அரசர் இரண்டாம் ரோஜருக்காக அல் இத்ரீஸி வரைந்து முடித்த உலகப் படத்தில் தெற்குத்தான் மேலே. அவர் காலத்து முஸ்லிம் புவியியலாளர் பலருக்கு அதுவே வழக்கம். நம்முடைய தமிழும் அக்காவின் பக்கம்தான் நிற்கிறது. மேற்கு, கிழக்கு என்ற சொற்கள் மேல், கீழ் என்பவற்றிலிருந்து வந்தவை என்று தமிழ் வகுப்பில் படித்திருக்கிறோம். மேற்கில் மலைத்தொடரும் கிழக்கில் கடலும் உள்ள நாட்டில் பிறந்த சொற்கள் அவை. அந்த மொழியைப் பேசிக்கொண்டு இங்கே வந்தவர்களுக்கு எங்கள் மாவட்டம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. இங்கே கிழக்கே போகப் போகத்தான் மலை ஏறும், மேற்கே கொழும்புப் பக்கம்தான் இறக்கம். ஆனாலும் மேலும் கீழும் மாறவில்லை. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, மேல்லயம், ஆற்றுலயம் என்று சரிவைப் பார்த்தே பெயர் வைத்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பது பெயரிலேயே இருக்கிறது. மண்சரிவுப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான திசை வேறென்ன?

அன்றிரவு ராத்தாவும் நானும் நெடுநேரம் பேசினோம். பேசினோம் என்பதைவிடச் சண்டை பிடித்தோம் என்பதே சரி. அவருடைய நியாயங்கள் வலுவானவை. வகுப்பில் எண்பது பேர். ஒரு பருவம் பதினைந்து கிழமை. ஒவ்வொருவரும் வாசகரைத் தேடிப் போனால் மென்பொருளைப் படிப்பது எப்போது? படித்து முடித்ததும் வேலைக்கு விண்ணப்பிப்பது கொழும்பில், இல்லாவிட்டால் வெளிநாட்டில். அங்கே யாரும் லயத்து அக்காவுக்கு விளங்கியதா என்று கேட்கப் போவதில்லை. பாடம் ஆங்கிலத்தில், விடையும் ஆங்கிலத்தில். “குறிவிளக்கத்துல ‘ஹை’ன்னு எழுதித்தானே இருக்கு” என்றார். சொன்னவுடன் அவரே நிறுத்திக்கொண்டார்.

வாசகரைத் தேடிப் போவது கற்கும் நேரத்தைத் திருடும் என்று நான் நம்பவில்லை. இந்தத் துறையின் பழைய கதைகளே வேறுமாதிரிச் சொல்கின்றன. 1854இல் இலண்டனில் கொலரா பரவியபோது மருத்துவர் ஜோன் ஸ்னோ ஒரு படம் வரைந்தார். இன்றும் எல்லா நாட்டு வகுப்புகளிலும் காட்டப்படும் படம். அதில் நிற ஜாலம் ஒன்றும் இல்லை. ஒவ்வோர் இறப்புக்கும் ஒரு சிறு கறுப்புக் கோடு, இறந்தவரின் வீட்டு வாசலில். கோடுகள் புரோட் வீதியிலிருந்த ஒரு தண்ணீர்ப் பம்பியைச் சுற்றிக் குவிந்திருந்தன. முழு வட்டாரத்துக்கும் ஒரே நிறம் பூசியிருந்தால் அந்தப் பம்பி தெரிந்திருக்குமா? ஸ்னோ வீடு வீடாகப் போய் எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள் என்று கேட்டவர். பிரதேச செயலகப் பிரிவு முழுவதற்கும் ஒரு நிறம் பூசிய எங்கள் படங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்த வாசற்படிக் கோடுகள்தான் ஞாபகம் வருகின்றன.

அதைவிட எனக்குப் பிடித்தது அட்லாண்டாப் பல்கலைக்கழகத்தின் கதை. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து 35 வருடம்தான் ஆகியிருந்தது. 1900இல் பாரிஸ் நகரில் நடந்த உலகக் கண்காட்சிக்கு, அங்கே சமூகவியல் கற்பித்த டபிள்யூ. ஈ. பி. டு போய்ஸ் தம் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு ஏறத்தாழ அறுபது வரைபுகளைத் தயாரித்தார். ஜோர்ஜியா மாநிலக் கறுப்பின மக்களின் நிலம், தொழில், கல்வி, வீட்டுச் செலவு பற்றிய எண்கள். கணினி ஏது? மையும் நீர்வண்ணமும் கொண்டு கையால் வரைந்தார்கள். சலாகை தாளுக்குள் அடங்காத இடத்தில் அதைச் சுருள் சுருளாகச் சுற்றி வரைந்தார்கள். நூறு வருடத்துக்குப் பிறகும் அவை நேற்று வரைந்தவை போல இருக்கின்றன. நான் கவனித்த சின்ன விடயம் ஒன்று: சில வரைபுகளின் தலைப்பு ஆங்கிலத்தோடு பிரெஞ்சிலும் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பாரிஸ்காரர்கள் அல்லவா? மற்றவர்கள் தங்களைப் பற்றி எண்களால் சொல்லிக்கொண்டிருந்ததைப் பிடுங்கி, தாங்களே வரைந்தார்கள். வரையும்போது பார்ப்பவரின் மொழியையும் மறக்கவில்லை. பல்கலைக்கழக வகுப்பு ஒன்றால் இது முடியும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு சாட்சி போதும்.

தோட்டத்துப் பிள்ளை ஒருவர் இந்தப் பாடத்தைப் படிக்க வந்தால் எப்படி இருக்கும் என்றும் யோசித்தேன். வடிவமைப்புப் பட்டத்துக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் தனியாக உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும். நில அளவை, படவரைவு படிக்கப் பெலிஹுல்ஓயாவில் எங்கள் மாகாணத்துச் சப்ரகமுவ பல்கலைக்கழகத்திலேயே புவித்தகவல் சார்ந்த பீடம் ஒன்று இருக்கிறது. ஆனால் அதற்குக் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு வேண்டும். எங்கள் பக்கத் தோட்டப் பாடசாலைகளிலிருந்து கணிதப் பிரிவுக்குப் போகிறவர்களை விரலில் எண்ணலாம். அதுவரைக்கும், வரைகிறவரும் வாசிக்கிறவரும் வேறுவேறு ஆட்களாகத்தான் இருக்கப் போகிறார்கள். அதனால்தான் வாசிக்கிறவரிடம் போக வேண்டிய கடமை கூடுகிறது.

மறுநாள் பெய்த மழையில் ராத்தா என்னை வெற்றுச் சோடாப் போத்தல் தேட விட்டார். ஒன்றரை லீற்றர்ப் போத்தல், இடுப்பு ஒடுங்காமல் நேராக இருப்பதாகப் பார்த்து எடுக்க வேண்டும். கழுத்துப் பகுதியை வெட்டிக் கவிழ்த்து அதற்குள்ளேயே புனல் மாதிரி வைத்தோம். அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருந்ததால், பக்கத்து வீட்டில் கட்டட வேலைக்குக் குழைத்த சிமெந்தில் கொஞ்சம் வாங்கி ஊற்றி மட்டமாக்கினோம். அந்த மட்டம் பூச்சியம். வாயும் உடலும் ஒரே அகலம் என்றால், போத்தலில் நிற்கும் தண்ணீரின் உயரமே பெய்த மழையின் அளவு. கணக்கு ஒன்றும் வேண்டாம். அடிமட்டத்தை வைத்து 75, 100, 150 மில்லிமீற்றரில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நாடாக்களை ஒட்டினோம். ராத்தாவின் ஒப்படை அவ்வளவும் மூன்று கோட்டுக்குள் வந்துவிட்டது என்று நான் சொன்னதற்கு அவர் முறைத்தார். உண்மையில் வரவில்லைதான். எந்தச் சரிவு ஆபத்தானது என்று போத்தல் சொல்லாது, படம் சொல்லும். எப்போது ஆபத்து என்று படம் சொல்லாது, போத்தல் சொல்லும்.

வாப்பாவையும் கூட்டிக்கொண்டு மேற்பிரிவுக்கு ஏறினோம். அக்கா போத்தலைக் கையில் வாங்கிப் பார்த்ததும், “செவப்பு வரைக்கும் நெரம்புனா எறங்கணும், அதானே?” என்றார். குறிவிளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் வாசகர் என்பவர் தலையாட்டுவதோடு நிற்பவர் அல்ல. அடுத்த கேள்விகள் வந்தன. “ராவுல எப்புடி பாக்குறது? மலை ராவுலதானே வரும்.” அதற்காக வாப்பா கடையிலிருந்து சைக்கிளுக்கு ஒட்டுகிற மின்னும் நாடா கொடுத்தார். இருட்டில் நிறம் தெரியாது என்பதால் மஞ்சளுக்கு ஒரு கீற்று, செம்மஞ்சளுக்கு இரண்டு, சிவப்புக்கு மூன்று. இஸ்தோப்பில் நின்று டோர்ச் அடித்தால் எண்ணலாம். கூரைத் தண்ணீரும் மரத் தண்ணீரும் விழாத இடத்தில் கம்பு நட்டுக் கட்டினோம். எத்தனை மணிக்குக் கொட்டுவது என்று கேட்டார். காலை எட்டரை என்றார் ராத்தா, வானிலை அவதானிப்பு நேரம் அது. “அந்நேரம் நான் மலையில. பெரட்டுக்குப் போகக்குள்ள கொட்டுறேன்” என்றார் அக்கா. நேரம் அப்படித்தான் தீர்மானமானது.

இந்த இடத்தில்தான் எட்டாம் வகுப்புப் படிக்கும் அவருடைய மகள் குறுக்கிட்டாள். “ராத்திரி அறுபது பேஞ்சு, அத காலையில கொட்டிட்டு, பொறவு தொண்ணூறு பேஞ்சா?” மொத்தம் 150. போத்தலோ 90ஐத்தான் காட்டும், மஞ்சளோடு நின்றுவிடும். ராத்தா என்னைப் பார்த்தார், நான் ராத்தாவைப் பார்த்தேன். எங்கள் இருவருக்கும் அது தோன்றவே இல்லை. கொட்டுவதற்கு முன் அளவைக் கலண்டரில் எழுதி வைப்பது, மழை விடாமல் பெய்தால் இரண்டையும் கூட்டிப் பார்ப்பது என்று அவளே ஒரு வழி சொன்னாள். அந்தப் பிள்ளை செய்தது ஒரு வடிவமைப்பு விமர்சனம். பல்கலைக்கழகத்தில் அதற்குத் தனியாக ஒரு வகுப்பு நேரம் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. எண்பது பேரும் எண்பது மலைக்கு ஏற வேண்டாம். ஐந்து ஐந்து பேராகப் பிரிந்து, ஒரு பருவத்தில் இரண்டு தடவை, குழுவுக்கு ஒரு வாசகரிடம் போனால் போதும். முதல் தடவை வெறும் பென்சில் படத்தோடு, இரண்டாம் தடவை திருத்தியதோடு. வாசகர் எதைப் பிழையாக வாசித்தார் என்று எழுதுவதற்குப் புள்ளி கொடுக்கட்டும். பிழையாக வாசிக்கவே இல்லை என்று எழுதுகிற குழுவை நான் என்றால் சந்தேகிப்பேன். வாசகரின் மொழியில் ஒரு பிரதியாவது இருக்கட்டும். பெலிஹுல்ஓயாவில் படம் படிப்பவர்களும் மொறட்டுவையில் வடிவமைப்புப் படிப்பவர்களும் சேர்ந்து இப்படி ஒரு ஒப்படை செய்தால், போக வர பஸ் செலவுதான். வேலை தேடும்போதும் இது வீண்போகாது. ‘விளங்காத ஒருவருக்கு விளங்கப்படுத்தினேன்’ என்பதை நேர்முகப் பரீட்சையில் சொல்லக் கூடாதா?

இறங்குவதற்கு முன் அக்கா பிளேன்டீ தந்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது, போத்தலையே பார்த்தபடி கேட்டார்.

“செவப்பு வந்தா எறங்கணும். சரி. எங்க எறங்குறது?”

“ஸ்கூலுக்கு” என்றார் ராத்தா.

“ஸ்கூலுக்கு மேலயும் இதே மலைதானே இருக்கு தங்கச்சி?”

ராத்தா பதில் சொல்லவில்லை. பையிலிருந்து பென்சிலை எடுத்தார். கலண்டர்த் தாள் ஒன்றைக் கிழித்துத் தரச் சொன்னார். பின்பக்கத்தில், மலையை மேலே வைத்து, வரையத் தொடங்கினார். எந்தப் பாதை மழையில் உடையும், எந்தப் பாலத்தைத் தண்ணீர் மூடும், கிழவிகளையும் கைக்குழந்தைகளையும் எந்த வழியாகத் தூக்கிப்போகலாம் என்று அக்கா சொல்லச் சொல்லப் பென்சில் ஓடியது. பக்கத்துக் காம்பராக்களிலிருந்தும் ஆட்கள் வந்து சுற்றி நின்றார்கள். போய்ச் சேரும் இடத்துக்கு ராத்தா ஒரு வட்டம் போட்டார். அதற்குள் எந்தப் பெயரை எழுதுவது என்று அங்கே நின்ற யாருக்கும் தெரியவில்லை. வட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அந்தத் தாள் இப்போது எங்கள் கடை மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் சாமான் வாங்க வரும்போதெல்லாம் வாப்பா அதைத்தான் விரலால் தட்டிக் காட்டுகிறார்.